இரண்டு சங்குக்கு நடுவே ஒரு கதை

பினாங்குத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றிவிட வந்த எங்கள் தலைமையாசிரியர் எனக்குச் சொன்ன புத்திமதி ஒன்றே ஒன்றுதான். "மெட்ராஸிலே யாரையும் நம்பிடாதீங்க கமலம் டீச்சர். புத்தகக்கடைக்காரரை மட்டும் நம்பலாம்." வந்து இறங்கி இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, மனிதர் அப்படியே மாற்றிச் சொல்லிவிட்டார் என்று. வழியில் பார்த்த அத்தனை பேரும் நல்லவர்களாக இருந்தார்கள். புத்தகக்கடைக்காரர் மட்டும் "நாளைக்கு வாங்கம்மா, கட்டி வைக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாரத்தை ஓட்டினார். அந்த ஒரு வாரத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

தைப்பிங் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். அதை ஒட்டிய தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியை. காலையில் பாடம், மதியத்துக்கு மேல் நூலகம். நூலகம் என்றால் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஓர் அலமாரி, ஒரு பூட்டு, என் இடுப்பில் ஒரு சாவி, சுவரில் 'அமைதி' என்று ஓர் அட்டை. அந்த அலமாரியின் காலித் தட்டுகளை நிரப்பத்தான் இந்தப் பயணம். கடல் கடந்து புத்தகம் வாங்கப் போகிறாள் என்று தோட்டத்து லயத்தில் ஒரு வாரம் என்னைப் பற்றியே பேச்சு. கலியாணத்துக்கு மாப்பிள்ளை பார்க்கப் போகிறேன் என்று சிலர் நம்பினார்கள். நாற்பது தாண்டியவளைப் பற்றி இவ்வளவு நல்லெண்ணம் வைத்திருந்ததற்கு அவர்களுக்கும் நன்றி.

இறங்கிய அன்றே டிராம் காலை வாரிவிட்டது. ராயபுரத்துக்கு முன்னால் நடுத்தெருவில் மின்சாரம் போய் அப்படியே நின்றுகொண்டது. எங்கள் ஊரில் பஸ் நின்றால் ஆளாளுக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். இங்கே டிராம் நின்ற மறுநிமிஷம் அது வீட்டுக் கூடம் மாதிரி ஆகிவிட்டது. ஒருவர் வேர்க்கடலை வாங்கி எல்லோருக்கும் பிடிப்பிடியாகக் கொடுத்தார். மீன்கூடையோடு இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "எந்த ஊரும்மா?" என்றார். மலாயா என்றேன். "மலாயாவா! எங்க சித்தப்பன் அங்கதான் கீறான். கன்னியப்பன்னு பேரு. பாத்திருப்பியே?" நான் பார்த்ததில்லை என்றதும் அவருக்கு நிஜமாகவே மனசு விட்டுப் போயிற்று. அந்த வாரத்தில் இன்னும் பல சித்தப்பன்களை விசாரித்தார்கள். ஒருவரையும் எனக்குத் தெரியவில்லை என்பது எனக்கே வெட்கமாகிவிட்டது.

தங்கியது வண்ணாரப்பேட்டையில், கதீஜா வீட்டில். கதீஜா பினாங்கில் பிறந்தவள், என்னோடு ஒரே பள்ளியில் வேலை பார்த்தவள். தோல் வியாபாரி ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு இங்கே வந்து, இப்போது பெண்கள் பள்ளி ஒன்றில் டீச்சர். வாசலில் என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். உடனே, "எங்கேடி பெலாச்சான்?" என்று கேட்டாள். அந்த இறால் கட்டியைப் பொட்டலத்துக்குள் பொட்டலமாகச் சுற்றிக் கொண்டு வந்திருந்தேன். கப்பலில் என் பக்கத்துப் படுக்கைக்காரி மூக்கைப் பிடித்துக்கொண்டதையும் பொறுத்துக்கொண்டுதான். அன்று ராத்திரி ஆப்பமும் பாயாவும். மறுநாள் காலை மிச்சப் பாயாவில் இடியாப்பம். கதீஜா வீட்டுக்காரர் ஒவ்வொரு வேளையும் "டீச்சரம்மா ஒண்ணுமே சாப்பிடல" என்று மனைவியிடம் புகார் சொன்னார். நான் எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் திருவொற்றியூர்க் கோயிலுக்கு என்று பஸ் ஏறினேன். வேடிக்கை பார்த்துக்கொண்டே இருந்ததில் கோயிலும் போய்விட்டது, ஊரும் போய்விட்டது. கடைசியில் எண்ணூரில் இறக்கிவிட்டார்கள். வந்ததுதான் வந்தோம் என்று முகத்துவாரக்குப்பம் வரைக்கும் நடந்தேன். அங்கே வலைக்கு அருகில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்த ஒரு பெண் எனக்கும் ஒரு சட்டி ஊற்றிச் சுட்ட கருவாடு ஒன்றையும் கையில் வைத்தாள். பிறகுதான் நான் யார் என்று கேட்டாள். சொன்னேன். "பொஸ்தவம் வாங்கவா கடல் தாண்டி வந்தே? ஏன், உங்கூர்ல கதை சொல்ல ஆளே இல்லியா?" அவள் கேலி செய்யவில்லை. எங்கள் ஊர் அவ்வளவு பாழடைந்து போயிற்றா என்ற கவலைதான் அவள் முகத்தில் இருந்தது.  கூழ் நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தேன்.

"நூலகக்காரி நீ. உனக்கு ஒரு கூத்து காட்டுறேன் வா" என்று நாலாம் நாள் சாயங்காலம் கதீஜா என்னைத் தண்டையார்பேட்டைக்கு அழைத்துப் போனாள். ஓர் இரும்பு வார்ப்படத் தொழிற்சாலைக்குப் பின்தெருவில் ஒற்றை அறைப் படிப்பகம். ஓடு வேய்ந்தது. உள்ளே நாலு பெஞ்சு, ஒரு மேசை, ஒரு விளக்கு. பெஞ்சு நிறைய ஆண்கள், தரையிலும் ஆண்கள். தெருப்பக்கத்துச் சன்னலுக்கு வெளியே பெண்கள் கூட்டமாக நின்று கம்பிக்குள் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். முகமெல்லாம் கரி. துறைமுகத்தை ஒட்டிய நிலக்கரிக் கிடங்கில் கூடை சுமக்கிறவர்கள் என்று கதீஜா சொன்னாள்.

படிப்பகத்தை நடத்துகிறவர் அந்தோணி மேஸ்திரி, அதே வார்ப்படத் தொழிற்சாலைக்காரர். ராயபுரத்து மீனவர் குடும்பம். உடம்பு பெரிது, குரல் அதைவிடப் பெரிது. அவர்கள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைக் காட்டினார். அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. கதைக்குப் பெயர் என்ன, எழுதியவர் யார், ஒருவருக்கும் தெரியாது. எனக்குக் கை பரபரத்தது. பெயர் இல்லாத புத்தகத்தை எந்தத் தட்டில் வைப்பது?

"பேரு இன்னாத்துக்கு? படகுக்காரி கதைன்னா இந்தத் தெருவுக்கே தெரியும்" என்றார் மேஸ்திரி. ஓடத்துறை ஒன்றை ஜமீன்தார் பிடுங்கிக்கொள்ள, அதை மீட்கக் கோர்ட்டுக்குப் போகும் ஒரு பெண்ணின் கதையாம்.

கூத்து என்று கதீஜா சொன்னது பிறகுதான் விளங்கியது. தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு. காலை ஷிப்டுக்காரர்கள் பிற்பகலில் வெளியே வந்து, குளித்துவிட்டுச் சாயங்காலம் படிப்பகத்துக்கு வருகிறார்கள். ஒருவர் படிக்க மற்றவர்கள் கேட்கிறார்கள், ஏனென்றால் பாதிப்பேருக்கு எழுத்து தெரியாது. அந்த நேரம் இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் உலை முன்னால் நிற்கிறார்கள். அவர்களுக்குக் கதை எப்படிப் போகும்? மறுநாள் பிற்பகல் ஷிப்டு மாறும்போது தொழிற்சாலைச் சங்கு இரண்டு தரம் ஊதும். முதல் சங்குக்கு ஒரு கூட்டம் வெளியே வரும், இரண்டாவது சங்குக்கு மற்றது உள்ளே போகும். நடுவில் உள்ள அந்தச் சில நிமிஷங்களில், தொழிற்சாலை வாசலில் நின்றபடி, கேட்டவர்கள் கேட்காதவர்களுக்கு முதல் நாள் கதையைச் சொல்லிவிட வேண்டும். வாராவாரம் ஷிப்டு மாறும், அப்போது கேட்டவர்கள் கேட்காதவர்கள் ஆவார்கள். ஆக ஒரு முழுப் புத்தகத்தை ஒரு தனி ஆள் கேட்டதே கிடையாது. எல்லோரும் சேர்ந்தால்தான் புத்தகம்.

நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். எங்கள் பள்ளியில், கண்ணால் படிப்பவர்களை மட்டும் வாசகர் என்று கணக்கில் எடுப்போம். பிள்ளைகள் கை கழுவிக்கொண்டு வந்து காட்டினால்தான் புத்தகம். பால் வெட்டப் போய்விட்டு வருகிற பிள்ளையின் கையில் ரப்பர்ப் பால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது, கங்காணி வீட்டுப் பிள்ளையின் கை எப்போதும் சுத்தம். அந்த விதியை எழுதியவர்கள் புத்தகத்தைக் காப்பாற்றத்தான் எழுதியிருப்பார்கள். யாரிடமிருந்து என்று அந்தச் சன்னல் பெண்களைப் பார்த்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

நாங்கள் போனது ஒரு நெருக்கடியான நேரம். இத்தனை வருஷம் படித்துக் காட்டிக்கொண்டிருந்த துரைக்கண்ணு என்பவருக்குத் தொண்டை போய்விட்டது. புதிதாக ஒருவர் வேண்டும். சம்பளம் ஒன்றுமில்லை, டீயும் மரியாதையும்தான். போட்டிக்கு இரண்டு பேர். ஒருவன் செல்வராஜ், வியாசர்பாடி, எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வேலை தேடுகிறவன், தங்கமான குணம். இன்னொருத்தி பாஞ்சாலி. சன்னல் கூட்டத்தில் ஒருத்தி. புளியந்தோப்பில் அவர்கள் பகுதிப் பௌத்த சங்கத்தார் நடத்தும் இரவுப் பள்ளியில், இரண்டு பிள்ளை பெற்ற பிறகு எழுத்துக் கற்றவள்.

"ஆளுக்கு ஒரு நாள் படிக்கட்டும். மறுநா கேட்ல கதை யாருது போய் சேருதோ, அவுங்கதான். தொரக்கண்ணுவையும் அப்படித்தான் எடுத்தோம்" என்றார் மேஸ்திரி. படித்தவர் மட்டும் வாசலுக்கு வரக்கூடாது. வந்தால் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்துவிடுவாராம்.

அன்றைக்குச் செல்வராஜ் படித்தான். ஒரு 'ழ' தப்பவில்லை, ஒரு இடத்தில் மூச்சு தவறவில்லை. என் வகுப்பாக இருந்தால் எழுந்து கைதட்டியிருப்பேன். மறுநாள் பிற்பகல் நானும் கதீஜாவும் தொழிற்சாலைக்கு எதிரே ஒரு பாய் கடையில் சாயாவில் பொறை ரொட்டியை நனைத்துக்கொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சங்கு ஊதியது. வெளியே வந்தவர்கள் நின்றார்கள், சொன்னார்கள். சுருக்கமாக, ஒழுங்காக. "சேந்துச்சா?" என்று மேஸ்திரி கத்தினார். "சேந்துச்சு மேஸ்திரி!" இரண்டாவது சங்கு ஊதியது, போய்விட்டார்கள். எனக்கு அது சந்தோஷமாக இல்லை. அன்று காலைதான் நான் பாஞ்சாலியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தேன்.

கிடங்குக்கு வெளியே ஒரு மரத்தடியில், தலையில் சும்மாட்டோடு நின்றிருந்தாள். ஏன் இந்த ஆசை என்று கேட்டேன். ஆசிரியை புத்தி, காரணம் கேட்காமல் இருக்க முடியாது.

"உள்ள பொம்பளைங்களை உடமாட்டாங்கம்மா. மழை வந்தா நாங்க நனைஞ்சிகினே கேக்கணும். ஓடு மேல தண்ணி உய்ற சத்தத்துல பாதி கதை பூடும். படிக்கிறவ நானா இருந்தா, என்னைச் சன்னலுக்கு வெளிய நிறுத்தி வெச்சி படிக்கச் சொல்லுவாங்களா? நான் உள்ள போனா, எனக்குத் தொணைன்னு சொல்லி இவளுங்களும் உள்ள வந்துருவாளுங்க. அம்புட்டுதான்."

பக்கங்களை முன்கூட்டியே ஒரு தடவை நான் சொல்லித் தரட்டுமா என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். "முன்னாடியே படிச்சிட்டா, அவுங்க கூட சேந்து நான் எப்படிம்மா ஆச்சரியப்படறது?"

அன்று சாயங்காலம் அவள் படித்தாள். சொல்லவே கஷ்டமாக இருக்கிறது. நீளமான சொல் வந்தால் பாதியில் நின்றாள். திரும்பிப் போய் மறுபடி பிடித்தாள். "'பிரமாணம்'னா இன்னாமே?" என்று சன்னலைப் பார்த்துக் கேட்டாள். "சத்தியம்டி!" என்று வெளியிலிருந்து ஒருத்தி கத்தினாள். "இல்ல, கர்ப்பூரம் அணைக்கிறது" என்றாள் இன்னொருத்தி. பெஞ்சில் இருந்தவர்கள் நெளிந்தார்கள். ஒருவர் "படா பேஜாரா கீது" என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்து போனார். கதையில் அன்றைக்குக் கோர்ட்டு. நீதிபதி படகுக்காரியைக் கேட்கிறார்: உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? தெரியாது என்கிறாள் அவள். பாஞ்சாலி புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கி, "தெரியலைன்னா இன்னா இப்போ?" என்று நீதிபதியையே கேட்டுவிட்டாள். சன்னலில் ஒரே ஆரவாரம். அப்படியானால் இந்தத் துறை உன் குடும்பத்தது என்பதற்கு யார் சாட்சி என்று நீதிபதி கேட்கும் இடத்தில் பக்கம் முடிந்தது, நேரமும் முடிந்தது.

எனக்கு அன்று தூக்கமில்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்று இருந்தது. ஜெயிக்க மாட்டாள் என்றும் தெரிந்தது. என்னைக் கேட்டிருந்தால் நானே செல்வராஜுக்குத்தான் மார்க்கு போட்டிருப்பேன். 

மறுநாள் பிற்பகல், அதே கடை, அதே பொறை. வாய்க்குள் போகவில்லை. முதல் சங்கு ஊதியது. காலை ஷிப்டு வெளியே வந்தது. காத்திருந்தவர்கள் சூழ்ந்துகொண்டு, "இன்னா ஆச்சி மாமு? கோர்ட்டுக்குப் போனாளா?" என்று கேட்டார்கள்.

"போனா..." என்றார் ஒருவர், தலையைச் சொறிந்துகொண்டு.

"அப்பால?"

"இன்னாத்த சொல்றது. நின்னு நின்னு படிச்சா. நடுவால இவளுங்க ஒரே சத்தம். ஒண்ணும் புரியல நைனா."

புரியாமல் இல்லை. அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கூடை சுமக்கிறவள் படித்ததைத் தங்கள் வாயால் சொல்லக் கூச்சம். மேஸ்திரி வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். "அவ்ளோதானா?" என்று கேட்டார். வெளியே வந்தவர்கள் ஆளுக்கொரு பக்கம் நகரப் பார்த்தார்கள். கதீஜா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் ரயில்வே கேட் பக்கமிருந்து அவர்கள் வந்தார்கள். கரிக்கிடங்குப் பெண்கள், கும்பலாக, தலையில் சும்மாடு அப்படியே இருக்க. பாஞ்சாலி அவர்களோடு இல்லை. தொழிற்சாலை வாசல் ஆண்கள் நிற்கிற இடம். இந்தப் பெண்கள் அதைத் தாண்ட வேண்டி வந்தால் தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒதுங்கிப் போவதைத்தான் நான் பார்த்திருந்தேன். வேலை நடுவில் கூடையைக் கீழே வைத்துவிட்டு வந்தால் மறுநாள் கிடங்கில் உள்ளே விடமாட்டார்கள் என்று கதீஜா காதருகே சொன்னாள்.

முன்னால் வந்த காசியம்மா என்பவள் கூட்டத்தைக் கையால் விலக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். "தள்ளு. நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரியும். நாங்க சொல்றோம்."

சொன்னார்கள். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்தாள். ஒருத்தி சும்மாட்டை அவிழ்த்துத் தலைப்பாகை மாதிரி சுற்றிக்கொண்டு நீதிபதி ஆனாள். காசியம்மா படகுக்காரி ஆனாள். சத்தியம் செய்கிற இடத்தில் அது சத்தியமா கர்ப்பூரமா என்ற சண்டையும் அப்படியே வந்தது. காத்திருந்தவர்கள் சிரித்தார்கள், பிறகு சிரிப்பு நின்றது. "'எழுதப் படிக்கத் தெரியுமா உனக்கு?'ன்னான் ஜட்ஜு. 'தெரியாது சாமி'ன்னா. 'அப்போ தொற உன்னுதுன்றதுக்கு யாரு சாட்சி?'ன்னான்."

இரண்டாவது சங்கு ஊதியது. ஒருவரும் அசையவில்லை.

"அதுக்கு அவ இன்னா சொன்னா?" என்று ஒருவன் கேட்டான்.

"தெரியாது. பாஞ்சாலி அத்தோட நிறுத்திட்டா."

"இன்னா சொல்றது? ஆத்தைத் தாண்டன அத்தினி பேரையும் இட்டாந்து கேக்கச் சொல்லு!" என்று கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல். "ஆமா, கேக்கச் சொல்லு!" என்று இன்னும் நாலு குரல். காவல்காரர் கத்திக்கொண்டிருந்தார். இரண்டாவது ஷிப்டுக்காரர்கள் உள்ளே ஓடத் தொடங்கினார்கள்.

"சேந்துச்சாடா?" மேஸ்திரியின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"சேந்துச்சு!"

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. காலை ஷிப்டுக்காரர் ஒருவர் மட்டும், "பொம்பளைங்க கொண்டாந்து சேத்தது கணக்குல வராது மேஸ்திரி" என்று இழுத்தார்.

காசியம்மா விடவில்லை. "யாரு கொண்டாந்தான்னா கேட்ட? வந்துச்சான்னுதானே கேட்ட?"

மேஸ்திரி வேட்டி நுனியை விட்டார். அவருக்கும் இது பிடித்திருந்தது என்று சொல்ல மாட்டேன். "சட்டம்னா சட்டம்தான். சேந்துச்சுன்னுட்டானுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அன்று சாயங்காலம் மேசைக்குப் பின்னால் பாஞ்சாலி உட்கார்ந்தாள். குளித்து, தலையை வாரி, வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள். நகத்தடியில் மட்டும் கரி போகவில்லை. அந்தக் கையால்தான் புத்தகத்தைப் பிரித்தாள். பெண்கள் வாசலில் கொஞ்சம் தயங்கிவிட்டு ஒவ்வொருத்தியாக உள்ளே வந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்கள். போதவில்லை. செல்வராஜ் எழுந்து தரையில் உட்கார்ந்தான், அவனைப் பார்த்து இன்னும் சிலர் எழுந்தார்கள். மறுநாள் காலை கிடங்கில் யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்று அங்கே இருந்த ஒருத்திக்கும் தெரியாது.

பாஞ்சாலி பக்கத்தில் விரலை வைத்தாள், ஆனால் ஆரம்பிக்கவில்லை. சன்னலைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"வெளிய யாருனா கீறீங்களா?"

பதில் வரவில்லை. அதற்கப்புறம்தான் படிக்கத் தொடங்கினாள்.